கத்திரிப்பூக் கரை

முதலில் அநியாயம் செய்தவன் ஆவுடையப்பன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. ஏனென்றால் பிற்பாடு செவலாங்குளத்தில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டி, எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு காமிராக் கண்ணாடிதான் என்றும், அந்தக் கண்ணாடியைச் செய்த ஏதோ ஒரு ஜப்பான்காரன்தான் என்றும் பேசிப் பேசி, ஆவுடையப்பனைத் துடைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடப் பார்த்தார்கள். கண்ணாடி என்ன செய்யும்? கண்ணாடி யாரையாவது சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பிவிட்டதுண்டா?

எழுப்பியவன் ஆவுடையப்பன். ஊரில் இருந்த ஒரே கல்யாண மண்டபம் அவனுடையது. போட்டோ பிடிக்கிற மாசானமுத்து அன்றைக்கு விடியுமுன்பே வந்து, பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, தாலிகட்டு, அட்சதை, அட்சதை கண்ணில் விழுந்து அழுத குழந்தை என்று ஒன்று விடாமல் படம் பிடித்து, வயிறு முதுகோடு ஒட்டிப்போய், இரண்டாம் பந்தியில், நடு வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். உப்பு வந்தது, மாங்காய் வந்தது, அவியல் வந்தது, சோறு வந்தது, சாம்பார் வந்தது. சோற்றில் குழி பறித்து, சாம்பாரைப் பிசைந்து, முதல் உருண்டையை உருட்டி, அது வாய்க்கும் இலைக்கும் நடுவில் நிற்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்து குலுங்கியது.

"ஏல போட்டோ, எந்திரி. மாப்பிள்ளையோட சித்தப்பா நிக்காரு. உனக்கென்ன, கடைசிப் பந்தியில திங்கலாம்."

உருண்டை இலைக்கே திரும்பிப் போனது. பந்தி மொத்தமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. நாவிதர் சுடலைமாடன் வாயில் அப்பளத்தோடு சிரித்தார். சிரிக்கும்போது அப்பளம் உடைந்த சத்தம் மாசானமுத்துவின் காதில் அப்புறம் பல வருஷம் உடைந்துகொண்டே இருந்தது. அவர் எழுந்து கையைக் கழுவினார். சாம்பார் வாசனை சாயங்காலம் வரை விரலை விட்டுப் போகவில்லை. ரசம் கிடைக்கவில்லை, பாயசம் கிடைக்கவில்லை, மோர் கிடைக்கவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்த சித்தப்பாவோ சர்க்கரை வியாதிக்காரர். பாயசத்தைத் தொடக்கூட இல்லை.

அதிலிருந்து அந்த மண்டபத்தில் மாசானமுத்து பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. வேறு மண்டபம் இல்லாததால் வேலைக்கு மட்டும் போவார். மனைவி சந்தனமாரி தூக்குச்சட்டியில் கட்டிக்கொடுக்கிற புளிச்சோற்றை ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே தின்பார். புகையும் சத்தமும் சேர்ந்து அந்தப் புளிச்சோற்றுக்கு ஒரு ருசி கொடுத்தன, ஆங்காரத்தின் ருசி. ஒருவன் மேல் ஆங்காரம் வைத்துப் பழகியவனுக்கு அடுத்தவன் மேல் வைப்பது சுலபம். சிரித்த சுடலைமாடன் மேல் வைத்தார். மணவறைக்கு லைட்டு போடும்போது வேண்டுமென்றே பியூஸைப் பிடுங்கிய எலெக்ட்ரீசியன் மேல் வைத்தார். விளிம்பு உடைந்த கிளாசில் டீ கொடுத்த டீக்கடை ஐசக் மேல் வைத்தார். எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்தார்; ஒன்றுகூட மறக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. செவலாங்குளத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் இவர்கள் எல்லாரும் வருவார்கள். வருவது மட்டுமல்ல, சரியாக மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் படம் பார்க்கும்போது பெண்ணின் தோளுக்கு மேலே ஆவுடையப்பனின் பல் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு படத்திலும் தெரியும். அன்றைக்குத் தின்ற புளிச்சோறு நெஞ்சில் ஏறி நிற்கும்.

அப்போதுதான் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த லென்ஸைப் பார்த்தார். சொம்பு மாதிரி வயிறு பெருத்த லென்ஸ். உள்ளே பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கடைக்காரர் வெளிச்சம் நுழைகிற அதன் வாயை முழுசாகத் திறந்து வைத்துத் தன் முகத்தையே ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் கடைக்காரரின் இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது. காது இரண்டும் நெய்யாக உருகிவிட்டன. பின்னால் இருந்த தெரு, தெருவில் நின்ற ஆட்டோ, ஆட்டோவில் சாய்ந்திருந்த ஆள், எல்லாம் வெறும் வெளிச்சப் பொட்டுகளாகிப் போயிருந்தன.

"பின்னால நிக்கவன் யாருன்னே தெரியாதோ?" என்று மாசானமுத்து கேட்டார்.

"பெத்த தாய்க்கே தெரியாது அண்ணாச்சி."

தன் மோட்டார் சைக்கிளை அங்கேயே கொடுத்துவிட்டு, லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து, அதைத் திறந்து மூடுகிற வளையம் அசையாதபடி டேப் சுற்றி ஒட்டினார். அன்று முதல் அவர் எடுத்த படங்களில் பெண்ணின் கண் இருந்தது, மாப்பிள்ளையின் மீசை இருந்தது, அதற்குப் பின்னால் உலகத்தில் ஒரு பயலும் இல்லை. சுடலைமாடன் ஒரு கரும்புள்ளி. ஐசக் ஒரு பழுப்புக் கறை. ஆவுடையப்பன் தரையில் கொட்டின பாயசம் மாதிரி ஒரு மஞ்சள் வழிசல். மாசானமுத்துவுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு செரித்தது.

லென்ஸுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. எங்கெல்லாம் வெளுப்பும் கறுப்பும் முட்டிக்கொள்கிறதோ, வேட்டி ஓரம், கொண்டையில் வைத்த மல்லிகை, மூக்குத்தியில் பட்ட வெயில், அங்கெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. பின்னால் உருகி நின்றவர்களின் ஓரத்தில் பாசி மாதிரி ஒரு பச்சை விழுந்தது.

"அண்ணாச்சி, வளையத்தைத் திருகி வாயை ரெண்டு பல்லு மூடும்வே. ஊதாவும் ஓடிரும், பச்சையும் ஓடிரும்" என்றான் பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோ ஜெபராஜ்.

"மூடுனா பின்னால நிக்க நாய்ங்க தெரியுமே."

"தெரிஞ்சா என்ன?"

"கடிக்கும்."

மாசானமுத்து டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டினார்.

தபால்காரர் மகள் கல்யாணத்தன்றுதான் அந்தக் கோடு படத்தை விட்டு இறங்கி ஆட்கள் மேல் வந்தது. மணவறையில் படம் எடுத்து முடிந்து, பெண் முகம் கழுவப் போனாள். அவள் அம்மா துண்டை நீட்டும்போது பார்த்தால், மகளின் மல்லிகையைச் சுற்றி, காதைச் சுற்றி, தோளைச் சுற்றி, ஒரு நூல் கனத்தில் கத்திரிப்பூ நிறம். பெண் திரும்பினால் அதுவும் திரும்பியது. பட்டுப்புடவைச் சாயம் இறங்கிவிட்டது என்று நினைத்து அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நாரால் தேய்த்தாள், மண்ணெண்ணெய் தொட்டும் தேய்த்தாள். பெண் சிவந்ததுதான் மிச்சம். அதற்குள் மாப்பிள்ளையின் வேட்டி ஓரத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "பரவாயில்ல, ரெண்டு பேருக்கும் ஒரே கரையா போட்டிருக்கு" என்றாள். அப்படித்தான் அதற்குக் கரை என்று பேர் வந்தது, சேலைக்குக் கரை இருப்பது போல.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எல்லாருக்கும் கொடுக்கிற களிம்பையே கொடுத்தார். கேட்கவில்லை. பிறகு புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தடவினார். கரைக்கு மேல் கரை ஆனது. அதோடு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் கொஞ்ச நாள் புலம்பியது, அப்புறம் புழங்கத் தொடங்கியது. கரண்டு போனால் கரை போட்டவர்கள் இருட்டில் மெலிசாகத் தெரிந்தார்கள். பெண்சாதியும் புருஷனும் ஒருவரையொருவர் மிதிக்காமல் நடமாட முடிந்தது. குளத்துக்கரையில் சீட்டு விளையாடுகிறவர்களை வீட்டிலிருந்தே எண்ணிப் பார்த்துக் கூப்பிட முடிந்தது. தேங்காய் திருடுகிற இசக்கி தன் தங்கச்சி கல்யாணத்தில் படத்துக்கு நின்ற ஒரே குற்றத்துக்காகத் தொழிலை விட்டுவிட்டுப் பால் கறக்கப் போனான். தையல்காரர் ஜாக்கெட்டுக்குக் கரையைப் பார்த்து நூல் எடுத்தார். கல்யாணத் தரகர்கள், "பொண்ணு கரை போட்டதா, வெறுமையா?" என்று கேட்டார்கள். கோவில் தர்மகர்த்தா இது அம்மனுக்கு உகந்த நிறம் என்றார். பங்குச் சாமியார் இது தவக்காலத்து நிறம், ஆகவே எல்லாரும் கொஞ்சம் குறைத்துத் தின்னலாம் என்றார். மோதினார் பாய் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "எவன் நிறமா இருந்தா என்னவே, ராத்திரி லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுதியோள்ல, அது போதும்" என்றார். எந்தக் கட்சிக்கும் அந்த நிறத்தில் கொடி இல்லாததால் ஊரில் சண்டை வரவில்லை. கரை இல்லாதவர்கள் தாங்களாகவே மாசானமுத்துவைத் தேடி வந்து, காதுகுத்து, சடங்கு என்று சாக்குச் சொல்லி முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

பச்சையைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. முன்னால் நிற்கிறவனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், பின்னால் நிற்கிறவனை யார் பார்க்கிறார்கள்? முதலில் சுடலைமாடனின் கிருதா ஓரத்தில் தெரிந்தது. படித்துறையில் பிடிக்கிற பாசி மாதிரி, பார்த்தாலே வழுக்கும் என்று தோன்றுகிற பச்சை. பிறகு எலெக்ட்ரீசியனுக்கு. பிறகு இன்னும் சிலருக்கு. ஒருநாள் ஐசக்கின் டீக்கடையில் பச்சைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, தங்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணினார்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரா, இல்லை. ஒரே ரேஷன் கடை அரிசியா, இல்லை. ஒரே சொந்தமா, இல்லை.

சுடலைமாடன் மெதுவாகக் கேட்டார்: "ஏவே, உமக்கும் மாசானத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டா?"

"கிடையாது."

"உமக்கு?"

"எனக்கும் கிடையாது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஐசக் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒரு மனுசன் மனசுல வச்சிருந்ததெல்லாம் இப்பம் உங்க மேல பாசியா பூத்துருக்கு!" என்று சிரித்துக்கொண்டே கிளாசை நீட்டினான். நீட்டின கையின் கட்டைவிரல் ஓரத்தில் பச்சை இருந்தது. கிளாசின் விளிம்பு உடைந்திருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு செவலாங்குளத்தில் ஒரு பச்சைக்காரன் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவன் "நல்லாயிருக்கீரா?" என்று கேட்பதில்லை. "நீரு என்ன செஞ்சீரு?" என்று கேட்டான்.

இந்தச் செய்தி வீட்டுக்கு வந்த அன்று சந்தனமாரி கண்ணாடி முன் நின்று தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தோரம், இடுப்போரம், நல்ல பச்சை. நாத்தனார் மகன் கல்யாணத்தில் அவளும் பின்வரிசையில்தான் நின்றாள்.

"நான் என்னவே செஞ்சேன் உமக்கு?"

மாசானமுத்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இலையில இருந்து எழுப்பிட்டான்னு வீட்டுக்கு வந்து சொன்னேன்லா."

"ஆமா, சொன்னீரு."

"நீ என்ன கேட்ட?"

"என்ன கேட்டேன்?"

"'அதுக்கென்ன, இங்க ரசம் இருக்கு, ஊத்தவா'ன்னு கேட்ட."

சந்தனமாரி இடுப்பில் கையை வைத்தாள். "பசிச்சு வந்த ஆம்பளைக்கு ரசம் ஊத்தவான்னு கேட்டது குத்தமா? வேற பொம்பளையா இருந்தா சாமி வந்து ஆடணும்னு நினைச்சீரோ? நான் ஒரு மன்னிப்பும் கேக்கமாட்டேன். நான் பச்சையாவே இருந்துட்டுப் போறேன்." மறுநாளே பச்சைப் புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கு எடுப்பாகவும் இருந்தது. இந்த உலகத்தில் அவரிடம் தோற்காதவள் அவள் ஒருத்திதான் என்பதால், அவளுக்கு மட்டும் அவர் பயப்படுவார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக மாசானமுத்து தன் வீட்டு முன்னறையில் வைத்திருந்த ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, செய்ததைச் சொன்னார்கள். பலருக்கு என்ன செய்தோம் என்றே ஞாபகம் இல்லை. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். எலெக்ட்ரீசியன் பியூஸ் விஷயத்தைச் சொல்லாமல், மாசானமுத்து வீட்டுத் தென்னையில் இளநீர் பறித்ததைச் சொன்னான். அது அவருக்குத் தெரியாது. அதையும் சேர்த்துக்கொண்டார். சுடலைமாடன் அப்பளத்தைச் சரியாகச் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கினார், கூடவே முடிவெட்டும்போது ஒரு பக்கக் கிருதாவை வேண்டுமென்றே ஏற்றி வெட்டிவிட்டதையும் சொன்னார். "அதான் அந்த வருசம் முழுக்க எவளும் என்னைத் திரும்பிப் பாக்கல" என்றார் மாசானமுத்து. "அதுக்கு முந்தி பாத்தாளாக்கும்" என்றாள் உள்ளேயிருந்து சந்தனமாரி. சொல்லி முடித்தவனை ஸ்டூலில் உட்காரவைத்து, லென்ஸின் கூர்மையை இமைமுடியில் வைத்து ஒரு படம் எடுப்பார். அவன் வெளியே போகும்போது பாசி போய்க் கத்திரிப்பூ வந்திருக்கும்.

ஆவுடையப்பன் மட்டும் வரவில்லை.

எல்லாருக்கும் பச்சை ஒரு நூல் என்றால் அவனுக்கு ஒரு சாண். எத்தனை வருஷம், எத்தனை கல்யாணம், அத்தனையிலும் பின்னால் நின்றவன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, வெள்ளை வேட்டியில் அவன் வருவது குளத்திலிருந்து எருமை கரையேறுகிற மாதிரி இருந்தது. "பசுமை உடம்புக்கு நல்லதுவே" என்று சொல்லிக்கொண்டு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் அவன் பேத்தி நிறைமதிக்குக் கோவில்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, நாள் குறித்து, பத்திரிகை அடித்து, கொடுக்கவும் தொடங்கியிருந்த சமயம் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊருக்கு வந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார். ஐசக் கடையில் ஒரு டீ குடித்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செவலாங்குளத்தில் எல்லாக் கதையையும் கேட்டுவிடலாம்.

நேரே ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். "பச்சை எதுக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. சோத்துல கை வச்ச மனுசனை எழுப்பின மண்டபத்துல எங்க ஆளுக எப்படிங்க நம்பி உக்காருவாங்க? பருப்பு ஊத்தும்போது ஒவ்வொருத்தனும் பின்னால திரும்பிப் பாத்துக்கிட்டா இருப்பான்? அதைச் சரிபண்ணுங்க. இல்லன்னா பொண்ணு நல்ல பொண்ணுதான், எங்களுக்குக் கொடுத்துவைக்கல."

அடுத்த நாள் ஆவுடையப்பன் ஸ்டூடியோ வாசலில் நின்றான். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. மாசானமுத்து உட்காரச் சொல்லவில்லை.

"என்னவே மாசானம், எத்தனை வருசமாச்சு, இன்னுமா?"

"என்ன இன்னுமா?"

"சரி, தப்புதாம்வே. ஒரு படம் எடும்."

"இங்க சொல்லி என்ன செய்ய? உம்ம மண்டபத்துல சொல்லும். மைக்குல சொல்லும். பேத்தி கல்யாணத்துல, முதல் பந்தியில, நான் இலையில உக்காந்திருப்பேன். நாலே வார்த்தை. 'நான் எழுப்பினேன், அது தப்பு.' அம்புட்டுதான். பெறவு படம்."

"மைக்கு எதுக்குவே? அன்னைக்கு நான் மைக்குலயா எழுப்பினேன்?"

"இல்ல. ஆனா பந்தி பூரா கேட்டுச்சு."

ஆவுடையப்பன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். திரும்பவும் முதல் கைக்கே மாற்றினான். "சரி" என்றான். அந்த 'சரி'யைச் சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு வழி தேடுகிற பார்வை இருந்ததைச் சந்தனமாரி கதவிடுக்கில் பார்த்தாள். புருஷனிடம் சொல்லவும் செய்தாள். அவர் கேட்கவில்லை.

மாசானமுத்துவின் இலைக்குப் பந்தி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உப்பு, மாங்காய், அவியல், சாம்பார் எல்லாம் அன்றைக்கே இலையில் விழுந்துவிட்டதால் அதெல்லாம் கணக்கில் தீர்ந்தது என்றும், விட்ட இடத்திலிருந்து, அதாவது ரசத்திலிருந்து, தொடங்குவதே நியாயம் என்றும் முடிவானது. சாம்பார் விழுந்தது நிஜம், ஆனால் வாய்க்குப் போகவில்லையே என்று சுடலைமாடன் ஒரு சந்தேகம் கிளப்பினார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று தாலிகட்டைவிட முதல் பந்திக்குக் கூட்டம் அதிகம். உட்கார்ந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். நடு வரிசையில், ஜன்னல் பக்கம், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், மாசானமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் காமிரா. நிறைமதி மணமேடையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்; காலையில் அவளை அவர் அழகாகப் படம் எடுத்திருந்தார், அவளைச் சுற்றிக் கத்திரிப்பூ புதுசாக மின்னியது. பெண்கள் பக்கத்தில் சந்தனமாரி பச்சைப் புடவையில் இருந்தாள். தாசில்தார் இலை முன்னால் இன்னும் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் வாளியோடு வந்தான். சோறு வைத்தான். குனிந்து ரசத்தை ஊற்றினான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த ரசம் இலையில் ஓடியது, மாசானமுத்து அதைக் கையால் அணைகட்டிப் பிடித்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மிளகும் பூண்டும் சரியாக இருந்தன. மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. வழித்துச் சாப்பிட்டார். மண்டபம் மூச்சு விட்டது. பாயசம் வைத்திருந்தவர் ஓரடி முன்னால் வந்தார்.

"மைக்கு" என்றார் மாசானமுத்து.

ஆவுடையப்பன் மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னான், நாதஸ்வரக்காரரைப் பாராட்டினான், சமையல்காரரைப் பாராட்டினான், மழை பெய்ததற்கு நன்றி சொன்னான். பிறகு சொன்னான்: "ஒரு காலத்துல இதே மண்டபத்துல, நம்ம மாசானமுத்து அண்ணாச்சி இலையில இருந்து எந்திரிக்கும்படியா ஆயிட்டு. அது தப்புதான். அதுல சந்தேகமே இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு நான் ராப்பகலா யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு இலை குறைஞ்சு போச்சு. இலை வந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்குமா? நடந்திருக்காது. அதனால இலைக்காரர் சார்பா..."

"நான் என்னவே செஞ்சேன்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து வாழையிலைக் கடை குத்தாலிங்கம் கத்தினார். "ஒரு கட்டு கூடவேலா அனுப்புனேன்!"

"...இலைக்காரர் சார்பா நான் வருத்தம் தெரிவிச்சுக்கிடுதேன்" என்று முடித்து ஆவுடையப்பன் கும்பிட்டான்.

பசித்திருந்த கூட்டம் கை தட்டியது. பசித்தவன் எதற்கும் கை தட்டுவான்.

"சொல்லிட்டேன்லா, எடும்வே படத்தை."

மாசானமுத்து இலையைப் பார்த்தார். ரசம் நின்ற இடம் ஈரமாக இருந்தது. மேடையைப் பார்த்தார். நிறைமதியின் கண் நிரம்பியிருந்தது. அந்தப் பிள்ளை யாரையும் எழுப்பவில்லை, அது பிறக்காத காலத்துக் கதை இது. ஆவுடையப்பனைப் பார்த்தார். சாவிக்கொத்து இடுப்பில் அமைதியாகத் தொங்கியது, ஜெயித்தவன் சாவி மாதிரி.

இந்தத் தடவை அவராகவே எழுந்தார். இலையை மடிக்கவில்லை. கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, காமிராவை எடுத்தார். ஆவுடையப்பனை ஒரு நாற்காலியில் நேராக உட்காரவைத்து, நெருங்கிப் போய், லென்ஸின் கூர்மையை முதலில் இமைமுடிக்குக் கொண்டுவந்தார். வாயை முழுக்கத் திறந்த அந்த லென்ஸில் கூர்மை என்பது ஒரு அரிசி மணியின் கனம்தான். அந்தக் கனத்துக்கு முன்னால் பின்னால் உள்ளதெல்லாம் வேறு ஊர். மாசானமுத்து மூச்சை அடக்கி, மெல்ல, மிக மெல்ல, இமையிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து மூக்கு நுனிக்கும் கூர்மையை நகர்த்திக்கொண்டு வந்து, அங்கே நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்.

மூக்கு கத்திரிப்பூவானது. மூக்கு மட்டும். மற்றபடி கன்னம், காது, பிடரி, வேட்டி எல்லாம் அதே எருமைப் பச்சை.

மண்டபத்தில் முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தகராறு உண்டு. சுடலைமாடன் இல்லை, அவர் இந்த முறை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தாசில்தார் கிட்டே வந்து அந்த மூக்கை உற்றுப் பார்த்தார்.

"ஏங்க, மிச்சம்?"

"மிச்சம் அவரு சொல்லாததுக்கு" என்றார் மாசானமுத்து. "தப்புன்னு சொன்னாரு, அதுக்கு மூக்கு. யாரு செஞ்சான்னு சொல்லல."

தாசில்தார் ஆயுசு முழுக்க மனுக்களைப் படித்தவர். "சரிதான்" என்றார். பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, "மூக்கு அளவுக்காவது திருந்தின வீடுன்னு எங்க ஆளுககிட்ட சொல்லிக்கிடுதேன்" என்று ஓர் இலை முன்னால் போய் உட்கார்ந்தார். கோவில்பட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நிறைமதி மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். கல்யாணம் கல்யாணமாக நடந்தது.

பாயசக்காரர் கரண்டியோடு நடு வரிசைக்கு வந்தபோது மடிக்காத இலை மட்டும் இருந்தது. ஊற்றுவதா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். யாரும் சொல்லவில்லை. அடுத்த இலைக்குப் போனார்.

வாசலில் சந்தனமாரி செருப்பைத் தேடிக்கொண்டே வந்தாள். "பாயசம் குடிக்காமலா வாறீரு? வீட்டுல..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பட்டென்று மூடிக்கொண்டாள். பச்சை ஓரம் வெயிலில் மினுங்க முன்னால் நடந்தாள்.

ஆவுடையப்பன் இன்றைக்கும் அந்த மூக்கோடுதான் நடமாடுகிறான். எதிரே வருகிறவர்கள் மூக்குக்கு ஒரு வணக்கமும் காதுக்கு ஒரு கேள்வியும் வைக்கிறார்கள். மண்டபத்தில் கல்யாணம் நடக்கிறது. மாசானமுத்து போகிறார், படம் எடுக்கிறார், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று புளிச்சோறு தின்கிறார், டேப் பழசானால் புது டேப் ஒட்டுகிறார். முதல் பந்திக்கு இலை போடுகிறபோதெல்லாம் உள்ளே எட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். ரசம் வந்து சேர்ந்தது. அதை அவர் இல்லை என்று சொல்லவில்லை. பாயசம் வரவேண்டும். மோர் வரவேண்டும். 'நான்' என்று தொடங்குகிற அந்த நாலு வார்த்தையும் வரவேண்டும்.